ஏட்டில் லாபம், கையில் தட்டுப்பாடு

கேள்வி: பேரணாம்பட்டில் சிறிய டேனரி நடத்துகிறேன். கணக்கேட்டில் லாபம் தெரிகிறது; ஆனால் சனிக்கிழமைக் கூலிக்குக் கையில் பணம் இருப்பதில்லை. எங்கே பிழை?

பதில்: பிழை தங்கள் உழைப்பில் இல்லை, காலத்தைக் கணக்கில் சேர்க்காத வரவு செலவுத் திட்டத்திலேயே இருக்கிறது. பச்சைத் தோலுக்கும் உப்புக்கும் சுண்ணாம்புக்கும் முன்னதாகவே பணம் கொடுத்து, அத்தோல் பதமாகி, ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைக்குச் சென்று, அதன் கிரயம் திரும்பி வருவதற்குள் பல சனிக்கிழமைகள் கடந்துவிடுகின்றன. ஆதலால் அடுத்த 13 வாரங்களுக்கு, வாரந்தோறும் கைக்கு வரும் ரொக்கத்தையும் கைவிட்டுப் போகும் ரொக்கத்தையும் தனி ஏட்டில் எழுதி, சரக்கு விற்ற அன்றல்ல, பணம் வந்த அன்றே வரவு வையுங்கள்.

டேனரிக் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செலுத்தும் தொகையைச் சிலர் எதிர்பாராத செலவாகப் பாவிப்பது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்து டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்த பிறகு, பாலாற்றுக்கு நாம் செலுத்தும் இக்கடன் தோலின் அடக்கவிலையைச் சேர்ந்ததே. விலை பேசும்போதே அதைச் சேர்த்துப் பேசுங்கள்.

வசூலுக்குச் சட்டத்தின் சகாயமும் உண்டு. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருப்பின் அதிகபட்சம் 45 நாட்களிலும், இல்லாவிடில் 15 நாட்களிலும் பணம் வந்தாக வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஆகையால் ஒவ்வொரு பில்லிலும் கெடு தேதியைத் தவறாமல் குறித்து அனுப்புங்கள்.