நான்கு அஹ்மதுகள் கண்ட நகரம்



ஜவுளி வியாபாரம் செய்யும் நம்மவர்க்கு அஹமதாபாத் என்றால் துணிக்கட்டுதான் நினைவுக்கு வரும். கொள்முதலுக்குப் போகிறோம், தரகர் வந்து அழைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறார், காரியம் முடிந்ததும் விமானம் ஏறிவிடுகிறோம். நாமும் பல வருஷங்களாக அவ்விதமே போய்வந்தவர்கள்தாம். சென்ற பயணத்தில் நாம் நால்வர் சேர்ந்து, மூன்று நாட்களில் ஒரு நாளை அந்நகரின் பழைய கட்டிடங்களைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கினோம். அந்நாளில் கண்டதையும், அதற்கு முந்தின நாள் தவறவிட்டதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

முதலில் நகரம் உண்டான வரலாறு. குஜராத்தை ஆண்ட சுல்தான் அஹ்மது ஷா, 1411ஆம் ஆண்டில் சபர்மதி நதிக்கரையில் இதை நிறுவினார். அவருக்கு வழிகாட்டிய பெரியார், அருகிலுள்ள ஸர்கேஜில் வாழ்ந்த ஷெய்கு அஹ்மது கட்டூ (ரஹ்) அவர்கள். நகரின் அஸ்திவாரத்தை அஹ்மது என்னும் பெயருடைய நால்வர் இட வேண்டும், அந்நால்வரும் ஒருநாளேனும் அஸர் தொழுகையைத் தவறவிடாதவராயிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை ஏற்பட்டதாம். தேசமெங்கும் தேடியும் காஜி அஹ்மது, மலிக் அஹ்மது என இருவரே கிடைத்தார்கள். மூன்றாமவர் ஷெய்கு அவர்கள்; நான்காமவர் சுல்தானே. இது பரம்பரையாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. சரித்திர ஆசிரியர்கள் இதை எப்படி எடைபோட்டாலும், அந்நகரத்து மக்கள் இன்றும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏன் ஐந்து வேளையில் அஸரை மட்டும் குறித்தார்கள்? கடை வைத்திருப்பவர்க்கு இக்கேள்விக்கு விடை தேட வேண்டியதில்லை. சுபுஹில் கடை திறப்பதில்லை. ளுஹரில் சாப்பாட்டு நேரம். மஃரிபுக்கு ஊரே விளக்கேற்றி நினைவூட்டுகிறது. அஸரோ வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். பேரம் பாதியில் நிற்கும் நேரம்.

நமக்கு நேர்ந்ததும் அதுவே. முதல் நாள் துணி மார்க்கெட்டில் ஒரு சரக்குக்கு மீட்டருக்கு இரண்டு ரூபாய் குறைக்க மல்லுக்கு நின்றோம். தேநீர் வந்தது, மாதிரிகள் வந்தன, மறுபடியும் தேநீர் வந்தது. வெளியே வந்தபோது மஃரிபு பாங்கு கேட்டது. நாம் முஸாபிர்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. ஷாபிஈ மத்ஹபில் பிரயாணி ளுஹரோடு அஸரைச் சேர்த்துத் தொழலாம். ளுஹர் வேளையில் நாம் அப்படிச் செய்யவில்லை. நம்மில் ஹனபி மத்ஹபினரான இருவர்க்கு அச்சலுகையும் கிடையாது. அஸரை மஃரிபோடு சேர்ப்பதற்கோ எந்த மத்ஹபிலும் இடமில்லை. ஆக, அஸர் தவறாத நால்வர் அஸ்திவாரமிட்ட நகரில் அஸர் தவறிய நால்வராக ஓட்டலுக்குத் திரும்பி களாத் தொழுதோம். குறைத்த இரண்டு ரூபாயைப் பற்றி அன்றிரவு யாரும் பேசவில்லை.

மறுநாள் சுபுஹுக்கே ஜும்ஆ மஸ்ஜிதுக்குச் சென்றோம். இதைக் கட்டி முடித்த வருஷம் ஹிஜ்ரி 827, அதாவது 1424. விசாலமான முற்றம், நடுவே ஒளு செய்யும் ஹவுள், மேற்கே தொழுமிடம். உள்ளே 260 கல்தூண்கள். மேலே 15 குப்பாக்கள். தூண்களின் வேலைப்பாட்டைப் பார்த்தால் கோயில் மண்டபத்து நினைவு வரும். உள்ளூர்ச் சிற்பிகள் தமக்குத் தெரிந்த வேலையைப் பள்ளிவாசலுக்கு ஏற்றபடி செய்து கொடுத்தார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பழைய பள்ளிகளின் கல்தூண்களைப் பார்த்து வளர்ந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. முகப்பின் இரு மினாராக்கள் 1819ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் சரிந்துவிட்டன. அடிப்பாகங்கள் மட்டுமே இருக்கின்றன.

கிழக்கு வாசல் வழியே சென்றால் சுல்தான் அஹ்மது ஷாவின் கபுறு. அவர் 1442இல் மறைந்தார். மகனும் பேரனும் பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார்கள். அப்பால் அரசிகளின் அடக்கஸ்தலம். அதைச் சுற்றிலும் துணிக்கடைகள்! கபுறுகளுக்கு நேர்கீழே தாவணியும் பாவாடையும் தொங்குகின்றன. நம்மில் ஒருவர் ஸலாம் சொல்லி முடிக்குமுன்பே ஒரு பாவாடைத் துணியைத் தடவிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பழக்கதோஷம். இவ்விடங்களுக்குச் செல்வோர் ஒன்றை மறக்கலாகாது: படம் எடுக்க அழகான கட்டிடமாயிருப்பினும் அது மய்யித்து அடக்கப்பட்ட இடம். கபுறின்மீது சாய்வதும், கைப்பையை அதன்மேல் வைப்பதும் நம்மவரிடத்திலேயே கண்டோம்.

ஸீதி ஸையிது பள்ளிவாசலின் கல்ஜன்னலைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மரமும் கொடியும் பின்னியதுபோல் கல்லில் சல்லடையாய் அறுத்தெடுத்த வேலை. அங்குள்ள உயர்ந்த மேலாண்மைக் கல்லூரியின் சின்னமும் இதைத் தழுவியதே. குஜராத் சுல்தான்களின் ஆட்சி அக்பரிடம் வீழ்ந்த 1572-73ஆம் ஆண்டிலேதான் இது எழுந்தது. கட்டியவர் அரசரல்லர், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஹபஷி வமிசத்தவர்.

ஆனால் நம் மனதைப் பிடித்தது ஜன்னல் அன்று, ஒரு கிணறு. அஸார்வா என்னும் பகுதியில், தரைக்குக் கீழே ஐந்து அடுக்கு ஆழத்திற்குப் படியிறங்கும் கிணறு. சுல்தான் மஹ்மூது பேகடாவின் அரண்மனை அந்தப்புரத்துக்கு மேற்பார்வை பார்த்த பாயீ ஹரீர் என்னும் அம்மையார் 1499இல் கட்டியது. பக்கத்தில் அவருடைய பள்ளிவாசலும் கபுறும் உள்ளன. அரபியில் ஒரு கல்வெட்டு, சமஸ்கிருதத்தில் ஒரு கல்வெட்டு. நாற்றிசையிலிருந்தும் தாகத்தோடு வரும் மனிதருக்கும் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் இது பொது என்று எழுதிவைத்து, செலவான தொகை 3,29,000 மஹ்மூதி என்றும் பொறித்திருக்கிறார். மஹ்மூதி என்பது அக்காலத்து வெள்ளி நாணயம். கல்வெட்டில் கணக்கு எழுதிய அம்மையாரைக் கணக்குப்பிள்ளை வேலை பார்த்து வளர்ந்த நமக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வந்தவர் எல்லோரும் படிக்கட்டும் என்றுதானே இரண்டு பாஷையில் எழுதினார்! மேலே வெயில் கொளுத்துகிறது. ஒவ்வோர் அடுக்காக இறங்க இறங்க உடம்பு குளிர்கிறது. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

பகல் உணவுக்குப் பின் ஸர்கேஜுக்குப் புறப்பட்டோம். நகரின் தென்மேற்கே இருக்கிறது. ஜவுளிக்காரர் எவரும் ஸர்கேஜின் பெயரை அறிந்திருக்க வேண்டும். ஒருகாலத்தில் இவ்வூர் அவுரி நீலம் டச்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் போட்டியிட்டு வாங்கிய சரக்கு. இக்குஜராத்தின் வியாபாரம் நாம் வாழும் இந்நாடு வரைக்கும் நீண்டிருந்தது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். அவர்களில் குஜராத்தியருக்கென்றே ஒருவர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் முன்னோரையும், வங்காளத்தார், பெகு, பாசை முதலிய இடத்தாரையும் மற்றொருவர் கவனித்து வந்தார். ஜாவாவில் கிரஸிக் ஊரில் 1419இல் மறைந்த மாலிக் இபுறாகீம் அவர்களின் கபுறின் சலவைக்கல்கூட குஜராத்தின் கம்பாயத்திலிருந்து கப்பலேறி வந்ததே. மலாக்கா பறங்கியரிடம் விழுந்ததும், மஹ்மூது பேகடா கண்மூடியதும் ஒரே வருஷம், 1511.

அந்த மஹ்மூது பேகடாவின் கபுறு ஸர்கேஜில் ஷெய்கு அவர்களின் ரவுலாவுக்கு அருகே இருக்கிறது. பெரிய குளமும் அரண்மனையும் அவர் கட்டியவை. அரண்மனை இடிந்து கிடக்கிறது. குளத்தில் மழைக்காலத்தில்தான் தண்ணீர் நிற்குமாம். நாம் போனபோது பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஷெய்கு அவர்களின் ரவுலாவிலோ ஜனம் வந்துகொண்டே இருந்தது. பக்கத்துப் பள்ளிவாசலில் மினாராவும் இல்லை, முகப்பு வளைவும் இல்லை. வரிசை வரிசையாய்த் தூண்கள் மட்டுமே.

இனிச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய நகரை வாகனத்தில் பார்க்க முடியாது. சுபுஹுக்குப் பின் கடைகள் திறக்குமுன் நடந்தே பாருங்கள். 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்று இந்தியாவில் முதன்முதலாக அங்கீகரித்தது இந்நகரைத்தான். கிணற்றுக்கு ஒரு மணி நேரமாவது வையுங்கள். ஸர்கேஜைக் கடைசியில் வைத்துக்கொண்டால் அஸர் அங்கே அமையும்.

நமக்கும் அப்படியே அமைந்தது. ஒளு செய்துகொண்டிருந்தபோது நம்மில் ஒருவர் சட்டைப்பையில் டெலிபோன் மணியடித்தது. முந்தின நாள் தரகர். எடுத்துப் பார்த்தவர், நம் முகத்தைப் பார்த்தார். பிறகு அதன் சத்தத்தை நிறுத்திப் பையில் போட்டுக்கொண்டு ஸப்பில் வந்து நின்றார். தொழுது, ஷெய்கு அவர்களுக்கு ஸலாம் சொல்லி, வெளியே செருப்பை மாட்டிக்கொண்டு திரும்ப அழைத்தபோது, நாம் மல்லுக்கு நின்ற அந்தச் சரக்கு மும்பைக்காரர் ஒருவர் கைக்குப் போயிருந்தது.