டெர்மினல் பூத்திருக்கிறதா? பேட்டரி முனை முதல் இன்ஜின் அறை வரை முழுமையான வழிகாட்டி

காலையில் அவசரமாகக் கிளம்புகிறீர்கள். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைகின்றன. வேடிக்கை பார்க்க வந்த தெருவாசிகள் எல்லாரும் மெக்கானிக் ஆகிவிடுகிறார்கள்: "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க." போயிருக்கலாம்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் பணத்தை எண்ணி வைப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து பாருங்கள். டெர்மினல்மேல் உப்புப் பூத்திருந்தால், அடுக்களையில் இருக்கும் ஆப்ப சோடாவுக்கு முதலில் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம்.

பூத்திருப்பது என்ன?

கார் பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதோடு மூடித் துவாரம் வழியாகவோ, முனையின் அடியில் உள்ள கசிவு வழியாகவோ அமில ஈரமும் கொஞ்சம் வரும். அது ஈயத்தில் பட்டால் வெள்ளைப் பொடி, அதாவது லெட் சல்ஃபேட். கேபிளில் இருக்கும் செம்பில் பட்டால் நீலப்பச்சைப் படிவம். அது வேறொன்றுமில்லை, தோட்டத்துக்கு மருந்தடிக்கச் சுண்ணாம்போடு கலக்கும் அதே மயில்துத்தம்தான்.

இந்தத் துளிப் பொடி வண்டியை நிறுத்துமா?

நிறுத்தும். செல்ஃப் மோட்டார் சுழல 150 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். ஹாரன் அடிக்கும், பாட்டு பாடும். அவற்றுக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மட்டும் எடுக்காது. பேட்டரிமேல் பழி விழுவது இப்படித்தான்.

தேவையான பொருட்கள்

- 10ஆம் நம்பர் ஸ்பேனர் (பெரும்பாலான கார்களுக்கு இதுவே)
- ஆப்ப சோடா ஒரு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர்
- பழைய டூத் பிரஷ் இரண்டு, மெல்லிய உப்புத்தாள், பெயின்ட் பிரஷ் ஒன்று
- ரப்பர் கையுறை, கண்ணாடி, பழந்துணி
- வாசலின்
- தண்ணீரில் கலக்கும் வகை டிகிரீசர், பிளாஸ்டிக் பைகள், ரப்பர் பேண்டுகள்
- இருந்தால் ஒரு மல்டிமீட்டர்

தொடங்கும் முன்

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். காற்றோட்டமான இடமாகப் பாருங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், ஊதுவத்தி எதுவும் கூடாது, ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் வாயு. மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் ஸ்பேனருக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் நொடியில் பழுத்துவிடும்.

சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். பேட்டரியைக் கழற்றியபின் சென்ட்ரல் லாக் வேலை செய்யாது. ரேடியோவுக்குக் கோடு நம்பர் உண்டென்றால் முன்கூட்டியே குறித்து வையுங்கள். ஹைப்ரிட் கார் என்றால் ஆரஞ்சு நிற கேபிள்களைத் தொடவே வேண்டாம். அந்த வண்டிகளைச் சர்வீஸ் ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

படி 1: கழற்றும்போது முதலில் மைனஸ்

மைனஸ் கேபிள் வண்டியின் உடம்போடு இணைந்தது. அதை விட்டுவிட்டு முதலில் பிளஸ்ஸைக் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை எங்காவது தகரத்தில் பட்ட அடுத்த கணம் தீப்பொறி பறக்கும். மைனஸைக் கழற்றிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். பிறகு பிளஸ்.

கிளாம்ப் இறுகிப் போயிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். ஈயம் மெத்தென்ற உலோகம், முனை அடியோடு ஆட்டம் கண்டு அமிலம் கசியும். நட்டைத் தளர்த்தி, சோடாத் தண்ணீர் கொஞ்சம் விட்டு ஊறவைத்து, இடமும் வலமுமாக லேசாக அசைத்தால் வந்துவிடும்.

படி 2: சோடாவும் நுரையும்

பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோடா உள்ளே இறங்கினால் அங்குள்ள அமிலத்தையும் முறித்துவிடும். பொடியை வாயால் ஊதவும் வேண்டாம், காய்ந்த நிலையில் சுரண்டவும் வேண்டாம், அது ஈயத் தூசி.

சோடாத் தண்ணீரில் பிரஷை நனைத்து முனைமேல் வைத்ததும் 'புஸ்' என்று நுரை கிளம்பும். அமிலமும் சோடாவும் மோதிக் கரியமில வாயு வெளிவருவதுதான் அது. வெள்ளை நுரை மெல்ல அழுக்கு நீலமாக மாறி வழியும். துடைத்துவிட்டு மறுபடி தடவுங்கள். நுரை வருவது நின்றால் அமிலம் தீர்ந்தது என்று அர்த்தம். கேபிள் கிளாம்பை ஒரு டப்பாவில் சோடாத் தண்ணீர் வைத்து அதில் முக்கியே எடுத்துவிடலாம். பேட்டரி உட்கார்ந்திருக்கும் தட்டையும் மறக்காதீர்கள். பெயின்ட் உரிந்து துரு தொடங்குவது அங்கேதான்.

கடைசியில் நல்ல தண்ணீரால் அலசித் துடையுங்கள். அமிலம் கையில் பட்டால் உடனே கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் அலசிவிட்டு நேராக மருத்துவரிடம் செல்லுங்கள்.

படி 3: உலோகம் தெரியட்டும்

முனையின் சுற்றுப்புறத்தையும் கிளாம்பின் உள்வளையத்தையும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். மங்கலான சாம்பல் போய்ப் பளிச்சென்ற ஈயம் தெரிந்தால் போதும். அதிகம் தேய்த்தால் முனை மெலிந்து, கிளாம்ப் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. கேபிளின் உறையைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே செம்புக் கம்பிகள் பச்சையாகி உதிர்ந்தால் சோடாவால் ஆகாது, கேபிளை மாற்ற வேண்டும்.

படி 4: இன்ஜின் அறை

பேட்டரி கழன்றிருக்கும் இந்த நேரம்தான் இன்ஜின் அறையைச் சுத்தம் செய்ய ஏற்றது. முதலில் தண்ணீர் வேண்டாம். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் கையை விட்டால் வேப்பஞ்சருகும் புங்க இலையும் அள்ளி வரும். அவை வடிகாலை அடைத்தால் மழைத்தண்ணீர் வண்டிக்குள் இறங்கும். எலிப் புழுக்கையோ நார்க்கூடோ தென்பட்டால் சுற்றியுள்ள ஒயர்களைக் கடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டிவிடுங்கள்.

அடுத்து மூடவேண்டியவை: ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஈசியூ, ஏர் ஃபில்டரின் வாய், இக்னிஷன் காயில், கழற்றிய கேபிள் முனைகள், பேட்டரியின் மேற்புறம். பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் டிகிரீசர் அடித்து, ஐந்து நிமிடம் விட்டு, பிரஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள். அலச வேண்டியிருந்தால் கைத்தெளிப்பான் போதும். சர்வீஸ் ஸ்டேஷனின் பிரஷர் வாட்டர் கனெக்டர்களுக்குள் புகுந்துவிடும்.

எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்பதைத் துடைப்பதற்கு முன் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். துடைத்தபின் தடயம் போய்விடும். மெக்கானிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

பைகளை அவிழ்த்து, பானெட்டைத் திறந்தபடியே ஒரு மணி நேரம் காயவிடுங்கள்.

படி 5: மாட்டும்போது முதலில் பிளஸ்

இப்போது வரிசை தலைகீழ்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கையால் திருகிப் பார்த்தால் கிளாம்ப் அசையக்கூடாது. இறுக்கி முடித்தபின் வெளிப்புறத்தில் வாசலினை மெல்லப் பூசுங்கள். சிலர் முனைமேல் கிரீஸை அப்பிவிட்டுக் கிளாம்பை மாட்டுவார்கள். உலோகத்தோடு உலோகம் நேரடியாக ஒட்டியபின் மேலே பூசுவதே நல்லது.

படி 6: பலித்ததா?

இன்ஜின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12 வோல்ட்டை ஒட்டி வந்தால் சார்ஜ் மிகக் குறைவு. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். இணைப்பைச் சோதிக்க ஒரு முள்ளை முனையிலும் மற்றதைக் கிளாம்பிலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அழுக்கு இன்னும் இருக்கிறது. கடிகார நேரத்தையும் பவர் விண்டோவையும் மறுபடி அமைக்க வேண்டி வரலாம்.

இவற்றை மட்டும் செய்யாதீர்கள்

- கோலா பானம் ஊற்றுவது: அதுவே ஓர் அமிலம். பொடி கரையலாம், ஆனால் சர்க்கரைப் பிசுக்கு எறும்பைக் கூட்டி வரும்.
- டீசல் வாஷ்: பளபளப்பு ஒரு நாள்தான். ரப்பர் ஹோஸ்கள் ஊறிப் பாழாகும், தூசி இரட்டிப்பாக ஒட்டும், சூடான இன்ஜினில் தீ அபாயமும் உண்டு.
- சூடான இன்ஜின்மேல் பச்சைத்தண்ணீர் அடிப்பது: உலோகம் விரிசல் விடலாம்.

மறுபடி பூத்தால்

வேலை முடிந்ததும் பேட்டரிமேல் ஒரு டேப் ஒட்டி அன்றைய தேதியை எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து, குறிப்பாக ஐப்பசி மழைக்கு முன், திறந்து பாருங்கள். சுத்தமாக இருந்தால் வாசலின் ஒரு பூச்சு போதும். ஒரே மாதத்தில் மறுபடி பூத்தால் ஆல்டர்னேட்டர் அதிகமாகச் சார்ஜ் ஏற்றுகிறதா, முனையின் அடியில் கசிகிறதா, மூடி உள்ள பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டரை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டோமா என்று பார்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் போகும்போது, "ஒரு மாசத்துல மறுபடி பூத்திருச்சு" என்று அந்தத் தேதியைக் காட்டுங்கள். அவர் அங்கிருந்தே தேடத் தொடங்கலாம்.