பெரிய ஆக்சுவேட்டர் போட்டால் சரியாகிவிடுமா?

"வால்வு இறுகுதா? ஒரு சைஸ் பெரிய ஆக்சுவேட்டரா போட்டு விடுங்க, தானா திறக்கும்." ஓசூரில் மூக்கண்டப்பள்ளியிலும் சிப்காட்டிலும் எந்த ஒர்க்‌ஷாப்பில் நுழைந்தாலும் இந்த வைத்தியம்தான் காதில் விழுகிறது. ஃபவுண்டரியில் பென்டோனைட் இறங்கும் குழாய்க்கும் இதே மருந்து, ரெடிமிக்ஸ் பிளான்ட்டின் சிமெண்ட் சைலோவுக்கும் இதே மருந்து. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

இறுகிப்போன பால் வால்வு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பந்துக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள சந்தில் சிமெண்ட் அடைந்து கிடக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டினால்தான் பெயரும். தண்ணீர் என்றால் புகுந்த வழியே வெளியே வந்துவிடும். பவுடர் வராது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் உள்ளே போய், ஏற்கெனவே இருப்பதோடு சேர்ந்து அமுங்கும். ஒரு பிடி மைதாவை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரியுங்கள், விரல் தடத்தோடு கட்டியாக நிற்கும். அமுக்க அமுக்கக் கெட்டிப்படும் பொருளிடம் பலத்தைக் காட்டினால் என்ன ஆகும்? ஸ்டெம் முறுக்கிக்கொள்ளும், டெஃப்லான் சீட் கிழியும். ஆக்சுவேட்டருக்கு ஒரு தண்டச் செலவு, வால்வுக்கு இன்னொன்று.

இதெல்லாம் நேற்று தெரியவந்த சங்கதியும் அல்ல. பவுடர் அமுங்கும்போது அதன் வலு எப்படி ஏறுகிறது என்று அளந்து, அதிலிருந்து ஹாப்பரின் சரிவையும் வாயையும் கணக்கிடும் வழியை யூட்டா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஜெனிக்கே 1964-லேயே எழுதி வைத்துவிட்டார்.

மாற்ற வேண்டியது வால்வின் வகையை. சைலோவின் அடியில் தன் எடையிலேயே இறங்கும் சிமெண்டுக்கு, பவுடருக்கென்றே செய்த பட்டர்ஃபிளை வால்வு போதும். உரசித் தேய்க்கும் மணலுக்கு ரப்பர் ஸ்லீவ் கொண்ட பிஞ்ச் வால்வு. வாய் முழுதாகத் திறக்கும், தூள் தங்கச் சந்தே கிடையாது. காற்றழுத்தத்தில் தள்ளப்படும் அனல்மின் நிலையச் சாம்பலுக்கு டோம் வால்வு. பொருளை வெட்டிக்கொண்டு முதலில் மூடும், அப்புறம்தான் சீல் காற்றால் உப்பி இறுக்கும்.

காதில் விழும் மற்றப் பேச்சுகளையும் கேள்விகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

"ரோட்டரி வால்வு இருக்கே, வேறு எதுக்கு?" ரோட்டருக்கும் கூட்டுக்கும் இடைவெளி உண்டு. அது அளந்து இறக்கும், காற்றை ஓரளவு தடுக்கும், முழுதாக மூடாது. பழுது பார்க்க வேண்டுமென்றால் அதற்கு மேலே ஒரு ஸ்லைடு கேட் வேண்டும்.

"எலக்ட்ரிக்தான் நவீனம்." எடை போட்டு இறக்கும் இடத்தில், மெதுவாகச் சுற்றும் மோட்டார் மூடி முடிப்பதற்குள் கூடுதல் பொருள் விழுந்துவிடும். சிலிண்டர் ஒரு நொடியில் மூடும்.

"மாவு, சர்க்கரை எல்லாம் வெடிக்குமா?" வெடிக்கும். 2008-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு சர்க்கரை ஆலையின் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். நம் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே 37-ஆம் பிரிவில் இதைப் பற்றிப் பேசியது. அத்தகைய இடத்தில் சொலினாய்டும் லிமிட் ஸ்விட்சும் சான்று பெற்றவையாக இருக்க வேண்டும், குழாய்க்கு எர்த்திங் வேண்டும்.

கடைசியாக, ஆக்சுவேட்டருக்குக் காற்றைக் கொடுத்தும் யாரும் திரும்பிப் பார்க்காத கம்ப்ரசர். கேட்டலாக்கில் 6 பாருக்குப் போட்ட டார்க், லைன் கடைசியில் 4 பார்தான் வருகிறது என்றால் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். பழி மட்டும் வால்வின் மேல். ஏர் டிரையர் கிடையாது, டேங்கின் தண்ணீரைத் திறந்துவிட ஆள் கிடையாது. அந்த ஈரக் காற்றையே சைலோவின் ஏரேஷன் பேடுக்கும் கொடுத்தால் சிமெண்ட் கட்டி தட்டாமல் என்ன செய்யும்?

ஆகவே ஆர்டர் போடுமுன் ஆக்சுவேட்டரின் வாயிலேயே ஒரு கேஜ் மாட்டி, வால்வு அசையும் நேரத்தில் அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் பவுடரில் ஒரு கிலோவைக் கட்டி எடுத்துக்கொண்டு வால்வு விற்பவரிடம் போங்கள். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சைஸை மட்டும் கேட்கிறவரிடம் வாங்காதீர்கள்.