உறை முதல் முன்வார்ப்புச் சுவர் வரை: ஆலைமயக் கட்டுமானத்தில் தரப்பினரின் பங்கு

முன்னுரை

கட்டட உறுப்புகளை முன்னரே வார்த்து, இறுகச் செய்து, பின்னர் உரிய இடத்தில் பொருத்துவது முன்வார்ப்புக் கட்டுமானம் எனப்படும். வளரும் நாடுகளில் இம்முறை வேரூன்றுவதைப் பொறியும் முதலும் மட்டும் முடிவு செய்வதில்லை. அரசு, ஒப்பந்ததாரர், தொழிலாளர், குடியிருப்போர் ஆகியோரிடையே பொறுப்பு பகிரப்படும் முறையும் முடிவு செய்கிறது. இக்கருத்தைத் திண்டுக்கல் வட்டார வழக்கையும் சென்னைப் பெரும்பாக்கம் குடியிருப்பையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மரபில் முன்வார்ப்பு

செய்துகொண்டுவந்து அடுக்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. கீழடி அகழாய்வில் வெளிப்பட்ட உறைகிணறுகள் சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைக்கப்பட்டவை. 'உறை' என்னும் அச்சொல் இன்று சிமெண்டு வளையத்திற்கும் வழங்குகிறது. பொருள் மாறியும் சொல் நிலைத்துள்ளது.

திண்டுக்கல் வட்டார வழக்கு

திண்டுக்கல் நகரிலும் சுற்றுச் சமவெளியிலும் சொந்த வீடு கட்டுவோர் பெரும்பாலும் கொத்தனாரையே நம்புகின்றனர். அறையின் அளவும் சன்னலின் இடமும் வேலை நடக்கும்போதே பேசி மாற்றப்படுவதுண்டு. ஹாலோ பிளாக் கல் பட்டறையில் வார்க்கப்படுவதாயினும், அதனை வைத்துக் கட்டுபவர் அதே கொத்தனார். கரண்டியும் தூக்குக்குண்டும் அவர் கையிலேயே உள்ளன. தரப்பினரின் உறவைக் குலைக்காமையே அக்கல் எளிதில் ஏற்கப்பட்டதற்கு ஒரு காரணமாகும்.

பெரும்பாக்கம்

ஒன்றிய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்திற்கு நாட்டில் 6 நகரங்கள் தெரிவு செய்யப்பட்டன. அவற்றுள் சென்னைக்கு முன்வார்ப்புக் கான்கிரீட் முறை அமைந்தது. 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 1,152 வீடுகள் 2022 மே 26 அன்று திறக்கப்பட்டன. இம்முறையில் முடிவெடுக்கும் களம் மனையிலிருந்து வரைபடத்திற்கு இடம்பெயர்கிறது. மின்குழாய் செல்லும் வழி வார்ப்பிற்கு முன்பே உறுதியாக வேண்டும். பின்னர்ச் சுவரை உடைப்பது கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கக்கூடும். வடிவமைப்பாளரின் பொறுப்பு மிகுகிறது. கொத்தனாரின் தீர்ப்பிற்கு இடம் சுருங்குகிறது. குடியேறுவோர் கட்டி முடித்ததைப் பெறுவோராகவே நிற்கின்றனர்.

முடிவுரை

ஹாலோ பிளாக் கொத்தனாரின் கைத்திறனைத் துணைக்கொண்டு பரவியது. முன்வார்ப்புச் சுவரோ அத்திறனுக்கு வேறிடம் தேடுகிறது. எனவே பொருத்துதல், இணைப்பு நிரப்புதல், மட்டம் பார்த்தல் ஆகியவற்றில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பயிற்சி அளித்தல் அரசின் கடமையாகிறது. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் இதற்கு உகந்த வாயிலாகும். எந்தச் சுவரை உடைக்கலாகாது என்பதைக் குடியிருப்போர்க்கு எளிய தமிழில் எழுதித் தருதலும் வேண்டும். 'உறை' போன்று வேலை செய்வோர் நாவில் நிலைக்கும் சொற்களை ஆக்கித் தருவது தமிழாய்வாளரின் பங்காகும்.