சுகாதாரப் பதிவேட்டில் நம் ஊர் எங்கே?

1952-ஆம் ஆண்டில் சமுதாய நலத் திட்டம் தொடங்கிய காலம் முதல், கிராம மக்களின் உடல்நலம் பேணும் பணி ஆரம்ப சுகாதார நிலையங்களைச் சார்ந்து வளர்ந்து வந்திருக்கிறது. அந்நாளில் தாய்மாரின் விவரங்கள் காகித ஏடுகளில் எழுதப்பட்டன. இன்று கணினியில் எழுதப்படுகின்றன. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் ‘பிக்மி’ மென்பொருளை ஊராட்சி உறுப்பினர்கள் அறிவார்கள்.

இத்தகைய மென்பொருளில் முதல் தாயின் பெயரை எழுதுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்த நிலையத்தின்கீழ் எந்த ஊர், எந்த ஊருக்கு எந்தச் செவிலியர் என்னும் அமைப்பை வகுப்பதே அது. இதில் ஒரு குக்கிராமம் விடுபட்டால், அவ்வூர்த் தாய்மார் எந்தச் செவிலியரின் பட்டியலிலும் வரமாட்டார்கள். ஒரு தாயின் இரத்தசோகை பிரசவ நாளன்றுதான் தெரியவரும் என்றால், அந்த விடுபாடு உயிருக்கே தீங்காக முடியலாம். ஆகவே இவ்வமைப்பை வகுக்கும் முறையை நாம் ஆராய்வோம்.

1. படிநிலை: சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம், சமவெளியில் 30,000 பேருக்கும், மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்ட அளவு. இவற்றிற்கு மேல் வட்டாரமும் மாவட்டமும் உள்ளன. கணினியில் மாவட்டத்தில் தொடங்கி, படிப்படியாகக் கீழிறங்கி எழுதவேண்டும். ஒவ்வொரு துணை நிலையத்திற்கும் மேல்நிலையம் ஒன்றே இருத்தல் வேண்டும். இரண்டின்கீழ் எழுதிவிட்டால், மாவட்டக் கணக்கில் ஒரே தாய் இருமுறை எண்ணப்படுவார்.

2. எல்லை: ஊராட்சியின் எல்லையும் துணை நிலையத்தின் எல்லையும் எங்கும் ஒன்றாகவே இருக்கும் என்று கருதலாகாது. ஓர் ஊராட்சியின் சில குடியிருப்புகள் ஒரு நிலையத்தையும், ஏனையவை வேறொன்றையும் சார்ந்திருக்கலாம். ஆகவே ஊராட்சியின் பெயரை மட்டும் எழுதுவது போதாது. காலனி, தோட்டத்து வீடுகள், புதிதாக எழுந்த குடியிருப்பு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே குறித்து, அதற்குரிய நிலையத்துடன் இணைக்கவேண்டும்.

3. பதவியும் ஆளும்: தாய்மாரின் பதிவுகளைச் செவிலியரின் பெயரோடு பிணைக்காமல், துணை நிலையத்தோடு பிணைக்கவேண்டும். செவிலியர் மாறுதலாகிச் செல்லும்போது, அவருடைய நுழைவு உரிமையை அந்தத் தேதியோடு முடித்து, புதிதாக வருபவருக்கு அதே பதவியை அளிக்கவேண்டும். பழைய பெயரை அழித்துவிட்டால், முன்னர் ஊசி போட்டவர் யார் என்பதே தெரியாமற் போகும். பதவி காலியாயிருக்கும் நாளில் கூடுதல் பொறுப்பு வகிப்பவர் யார் என்பதையும் தவறாமல் குறிக்கவேண்டும்.

4. பார்வை உரிமை: செவிலியர் தம் பகுதித் தாய்மாரின் விவரங்களைக் காணலாம். மருத்துவ அலுவலர் தம் நிலையத்தின் கீழுள்ள அனைத்தையும் காணலாம். மேலிடத்திற்குப் பெரும்பாலும் மொத்தக் கணக்கே போதுமானது. ஒரு பெண்ணின் நோய் விவரம் ஊரார் பார்வைக்கு உரிய பொருளன்று.

5. தாய்வீடு: வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்வது நம் வழக்கம். புகுந்த ஊர்ச் செவிலியர் ‘சென்றுவிட்டார்’ என்பார்; பிறந்த ஊர்ச் செவிலியர் ‘நம் கணக்கில் இல்லை’ என்பார். இந்த இடைவெளியிலே ஒரு தாய் கவனிப்பாரற்றுப் போகலாகாது. ஆகவே பதிவு செய்த ஊர், தற்போது தங்கியுள்ள ஊர் என இரண்டையும் குறிக்க இடம் வைத்து, இரு நிலையங்களும் அவர் பெயரைக் காணும்படி செய்யவேண்டும்.

அமைப்பு சரிதானா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. மிகத் தொலைவிலுள்ள ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுத்து, அது எந்தச் செவிலியரின் பட்டியலில் வருகிறது, எந்த மருத்துவரிடம் சேர்கிறது, வட்டாரக் கணக்கில் ஒரே முறை எண்ணப்படுகிறதா என்று பார்த்தால் போதும். அது சரியாக இருந்தால் ஏனையவற்றையும் அவ்வாறே சோதித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் ஊராட்சி உறுப்பினர்களின் உதவி தேவைப்படுகிறது. கணினியில் எழுதுபவர் அலுவலகத்தில் இருக்கிறார். எந்த ஓடைக்கு அப்பால் எத்தனை வீடுகள் உள்ளன என்பதை அறிந்தவர்கள் ஊராரே. குடியிருப்புகளின் பட்டியலைச் செவிலியரிடம் கேட்டுப் பெற்று, அடுத்த கிராம சபையில் உரக்கப் படியுங்கள். விடுபட்ட பெயர் ஒன்றேனும் வெளிப்படுமாயின், அன்றைய கூட்டம் பெரும் பயன் தந்ததாகும்.