நொடிக்குள் நுழைந்த ஆயிரம்

எது எப்படி வந்தது? – கேள்வி பதில்

கேள்வி: மணிக்கு 60 நிமிடம், நிமிடத்துக்கு 60 நொடி. நொடிக்குக் கீழே மட்டும் ஆயிரம், பத்து லட்சம் என்று கணக்கு மாறிவிடுகிறதே, ஏன்?
– கணினி அறிவியல் மாணவி, ஒரத்தநாடு

பதில்: பஞ்சாங்கக் கணக்கில் அது மாறவே இல்லை. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, விநாழிகைக்கு 60 தற்பரை. விநாழிகை என்பது 24 நொடி, தற்பரை 0.4 நொடி. ஐரோப்பிய வானியலாரும் ஒரு காலத்தில் நொடியை அறுபதாகத்தான் கூறு போட்டார்கள்.

1585-ல் சைமன் ஸ்டெவின் தசமக் கணக்கை விளக்கி நூல் போட்டார். புரட்சிக்கால பிரான்ஸ் 1793-ல் ஒருபடி மேலே போய், நாளுக்குப் பத்து மணி, மணிக்கு நூறு நிமிடம் என்று ஆணையிட்டது. அது எடுபடவில்லை. 1795 ஏப்ரல் 7-ஆம் தேதிச் சட்டம் அந்த ஆணையை நிறுத்திவைத்தது. வேடிக்கை என்னவென்றால், மீட்டர், கிராமுக்கு ஆயிரத்தில் ஒன்றைக் குறிக்கும் 'மில்லி'யைக் கொடுத்ததும் அதே சட்டம்தான். மணியும் நிமிடமும் பழைய அறுபதிலேயே தங்கிவிட்டன. நொடிக்குக் கீழே மில்லி குடியேறியது.

கேள்வி: எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தில் 125 மில்லிநொடி என்று பதிந்தால் 127 என்று காட்டுகிறது. கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, பழைய அளவுகோல். அதன் 'டேட்டைம்' வகை நள்ளிரவிலிருந்து நொடிக்கு 300 துடிப்பு வீதம் எண்ணுகிறது. நாளுக்கு 2,59,20,000 துடிப்பு. ஒரு துடிப்பு மூன்றேகால் மில்லிநொடிக்குச் சற்று மேல். அதனால் கடைசி இலக்கம் 0, 3, 7 என்றுதான் வரும். 2008-ல் வந்த 'டேட்டைம்2' நொடியில் கோடியில் ஒரு பங்கு வரை பிடிக்கும்.

கேள்வி: நேரத்தில் நொடியின் பின்னத்தை மட்டும் தனியே எடுப்பது எப்படி?

பதில்: 1992-ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரம் 'எக்ஸ்ட்ராக்ட்' என்ற கட்டளையைத் தந்தது. ஆனால் தரவுத்தளங்கள் ஆளுக்கொரு பதில் தருகின்றன. நேரம் 10:15:40.123 என்று வையுங்கள். போஸ்ட்கிரஸில் மில்லிநொடி கேட்டால் 40123 வரும்; முழு நொடியையும் சேர்த்தே பெருக்கித் தருகிறது. ஆயிரத்தால் வகுத்த மீதியை எடுத்தால் 123 கிடைக்கும். மைஎஸ்க்யூஎல்லில் மைக்ரோநொடி கேட்டால் 123000, பின்னம் மட்டும். ஆனால் 5.6 பதிப்புக்கு முன் அது பின்னத்தைச் சேமிக்காமலேயே உதறிவிடும். இன்றும் அடைப்புக்குள் 3 அல்லது 6 என்று இலக்கம் குறிக்காமல் பத்தி அமைத்தால் முழு நொடிதான் நிற்கும்.

கேள்வி: கொள்முதல் நிலையத்துக்கு இரண்டு விவசாயிகள் ஒரே நொடியில் ஆன்லைனில் பதிந்தால், பின்னத்தைப் பார்த்து முந்தியவரைத் தீர்மானிக்கலாமா?

பதில்: கூடாது. 1825-ல் சென்னையில் ஜான் வாரன் வெளியிட்ட 'கால சங்கலிதம்' என்ற நூலில் ஒரு செய்தி உண்டு. தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழி அடுக்கி, மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரம் ஏறத்தாழ 4 நிமிடம்தான் தப்பியது. சோழிக்கு அது பெரிய சாதனை. ஆனால் தற்பரை வரை எழுதத் தெரிந்த கணக்குக்கும் நிமிடப் பிசகு இருந்தது. கணினியும் அப்படித்தான்: ஆறு இலக்கம் எழுதுவதால் அதன் கடிகாரம் ஆறு இலக்கம் சரியாக ஓடுவதாகாது. இரண்டு சர்வர்களின் கடிகாரங்கள் சில மில்லிநொடி விலகினாலே வரிசை புரண்டுவிடும். நேரத்தைத் தகவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்னுரிமைக்கு ஒரே இடத்தில் வழங்கும் வரிசை எண்ணை வையுங்கள்.