சத்தம் கூடினால் பாட்டு கூடுமா?



ஆண்டு விழாவுக்கான கும்மிப் பாட்டைக் கம்ப்யூட்டர் அறையில் பதிவு செய்து வருகிறோம். எட்டிப் பார்க்கிற எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "இன்னும் கொஞ்சம் சத்தமா வைப்பா!" ஏன் அப்படி வைப்பதில்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, இங்கே எழுதிவிட்டால் எல்லாருக்கும் பயன்படுமே!

கூரை எங்கே இருக்கிறது?

சிடி தரத்தில் பதியும்போது கம்ப்யூட்டர் ஒரு விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளக்கிறது. ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. இது 16 பிட் முறை. இதில் எண்கள் -32,768 முதல் 32,767 வரைதான். அதற்கு மேல் எழுத எண்ணே கிடையாது. அந்த உச்சிக்குத்தான் 0 டெசிபல் என்று பெயர். கூரையிலிருந்து கீழ்நோக்கி எண்ணுவதால் மற்றதெல்லாம் மைனஸில் வரும்.

-6 டெசிபல் என்றால் உச்சியில் ஏறக்குறைய பாதி.
-12 என்றால் கால் பங்கு.
-20 என்றால் பத்தில் ஒரு பங்கு.

ஒலி கூரையைத் தாண்டினால் என்ன ஆகும்? மலை போல வளைந்து ஏற வேண்டிய அலையின் தலை, கத்தியால் சீவின மாதிரி தட்டையாகிவிடும். இதைக் கிளிப்பிங் என்பார்கள். காதுக்கு அது கரகரன்னு கேட்கும். பாட்டின் உச்சத்துக்கும் கூரைக்கும் நடுவே நாம் விட்டு வைக்கும் இடம்தான் ஹெட்ரூம். தலைக்கு மேலே இடம் விட்டுக் கட்டின வாசலில் நிமிர்ந்து போகலாம். இல்லையென்றால் தலை இடிக்கத்தான் செய்யும்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் பாட்டில் 6 ட்ராக். டீச்சர் குரல், குழுக் குரல் இரண்டு, ஆர்மோனியம், தபேலா, கைத்தட்டு. ஒவ்வொன்றின் உச்சமும் -12, அதாவது கால் பங்கு. தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே சாதுவாக இருக்கும். ஆனால் ஆறு உச்சமும் ஒரே நொடியில் சேர்ந்தால்?

6 × ¼ = 1½

கூரை 1 தான். அரைப் பங்கு வெளியே நிற்கிறது, அதாவது 3.5 டெசிபல் அதிகம்.

"எல்லாம் ஒரே நேரத்துல வருமா என்ன?" என்று கேட்கலாம். பல பாட்டில் வராது. ஆனால் இது கும்மி ஆயிற்றே! கைத்தட்டும் தபேலா அடியும் சேர்ந்து விழுவதுதான் அதன் அழகு. அந்த இடத்தில்தான் ஆபத்தும்.

வழி சுலபம். ஆறு ட்ராக்கையும் ஒரே அளவாக 6 டெசிபல் இறக்கினால் மொத்தம் பாதியாகும். 1½ இல் பாதி ¾. கூரைக்கு 2.5 டெசிபல் இடம் மிச்சம். எல்லாவற்றையும் சமமாக இறக்குவதால் குரலுக்கும் தபேலாவுக்கும் உள்ள விகிதம் மாறாது. சத்தம் போதவில்லை என்றால் ஸ்பீக்கரின் குமிழைத் திருப்புங்கள். அது அதற்காகத்தானே இருக்கிறது!

மூன்று வாசல்கள்

ஒலி மூன்று வாசல்களைத் தாண்டி வருகிறது. மூன்றும் ஒன்றல்ல.

1. மைக் வாசல்: இங்கே தலை சீவப்பட்டால் போனது போனதுதான். பிறகு எவ்வளவு இறக்கினாலும் தட்டைத் தலை தட்டையாகவே இறங்கும். பாட்டு டீச்சர் இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார்கள். அடுத்த வருஷம் "டீச்சர், இன்னொரு தடவை பாடுங்க" என்று கேட்க அவர்கள் இங்கே இருக்கமாட்டார்கள். அதனால் பாட்டிலேயே உரத்த வரியை முதலில் பாடச் சொல்லி, அதன் உச்சம் -12 பக்கம் நிற்கும்படி மைக் அளவை வைக்கிறோம். "அவ்வளவு இறக்கினா தரம் குறையாதா?" என்றான் ஒரு நண்பன். நல்ல கேள்வி. 16 பிட்டில் மொத்தம் சுமார் 96 டெசிபல் இடம் இருக்கிறது. 12 போனாலும் 84 மிச்சம். நம் வகுப்பறை மின்விசிறிச் சத்தமே அதைவிட மிக மேலே கேட்கிறது! (பதியும்போது ஃபேனை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். கொஞ்சம் வியர்வையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2. கலவை வாசல்: நாம் பயன்படுத்தும் ஆடாசிட்டி உள்ளுக்குள் 32 பிட் ஃப்ளோட் முறையில் கணக்குப் போடுகிறது. அதில் கூரையைத் தாண்டின எண்ணும் அழியாமல் இருக்கும். இறக்கினால் முழுசாகத் திரும்பி வரும். இந்த ஓர் இடத்தில் மட்டும் மன்னிப்பு உண்டு.

3. வெளியேறும் வாசல்: 16 பிட் வேவ் ஃபைலாக மாற்றும்போது மறுபடியும் கூரை. எம்பி3 ஆக்கினால் இன்னும் கவனம் வேண்டும். சுருக்கி விரிக்கும்போது உச்சம் சற்று ஏறக்கூடும். ஆகவே குறைந்தது 1 டெசிபலாவது விட்டு வைப்பது நல்லது.

பெரியவர்களும் சண்டை போட்டார்கள்

"என் பாட்டுதான் சத்தம்" என்ற போட்டி உலகம் முழுக்க நடந்தது. 2008-இல் வந்த மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம், ஒலியை அளவுக்கு மீறி அழுத்திவிட்டதாக ரசிகர்களிடமே திட்டு வாங்கியது. 2010-இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம், உச்சத்தைப் பார்ப்பதோடு சராசரி உரப்பையும் அளக்கும் ஒரு விதியைக் கொண்டுவந்தது. எல்லா நிகழ்ச்சியையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துவிட்டால், அழுத்தி வைத்தவருக்கு என்ன லாபம்? மெல்லிய இடம் மெல்லியதாக இருந்தால்தான் உரத்த இடம் உரத்துக் கேட்கும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு!

இன்னொன்று. நம் காது ஏமாறும். ஒரே பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் "இதுதான் நல்லாருக்கு" என்று தோன்றும். இரண்டு கலவையை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

-6 உச்சம் உள்ள ஒரு ட்ராக்கை நகல் எடுத்து இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். மீட்டர் 0 வைத் தொடும். பாதியும் பாதியும் ஒன்று! இப்போது ஒரு நகலை மட்டும் தலைகீழாக்கி, அதாவது இன்வர்ட் செய்து ஓட்டுங்கள். ஒரு சத்தமும் வராது. ஏன்?

விடையைத் தாளில் எழுதி, பெயர், வகுப்புடன் இதழ்ப் பெட்டியில் போடுங்கள். சரியான விடைகள் அடுத்த இதழில் இதே இடத்தில்!